‘சோதிக்கப்படவில்லை’ என்றால் என்ன பொருள்?

இருபது வருடங்களாக மொழிபெயர்ப்பில் பிழைப்பு நடத்தி வருகிறேன். சமீபத்தில் ஒற்றை வார்த்தையில் கோட்டை விட்டேன். அபராதம் கட்டியவள் என் தங்கை. தொகை 11,500 ரூபாய். அந்த வார்த்தை, ‘அன்டெஸ்டட்’.

ஒக்கலிபுரம் பெங்களூரின் பெரிய ரயில் நிலையத்தை ஒட்டிய பகுதி. தண்டவாளங்களுக்கும் ஸ்ரீராம்புரத்துக்கும் நடுவே நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கிறது. ஒரு காலத்தில் மில் வேலைக்கும் ரயில்வே வேலைக்கும் வந்த தமிழ்க் குடும்பங்களின் பேரப் பிள்ளைகள் இங்கே இருக்கிறார்கள். ராஜா மில் இருந்த இடத்தில் இன்று மந்த்ரி மால் நிற்கிறது. பேரப் பிள்ளைகளில் சிலர் அந்த மாலில் வேலை பார்க்கிறார்கள். சிலர் ஆட்டோ ஓட்டுகிறார்கள். என் தங்கை மகன் எலெக்ட்ரானிக்ஸில் டிப்ளமோ முடித்துவிட்டு, பத்துக்கு எட்டு அடிக் கடை ஒன்றில் இன்வர்ட்டர், யுபிஎஸ், மின்சார ஸ்கூட்டர் சார்ஜர் ஆகியவற்றைப் பழுது பார்க்கிறான்.

மல்டிமீட்டரை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம் போய்விட்டான். மல்டிமீட்டர் எத்தனை வோல்ட் என்று சொல்லும். அந்த வோல்ட் ஒரு நொடிக்குள் ஐம்பதாயிரம் தடவை துள்ளுகிறதா, துள்ளும்போது கோணலாகத் துள்ளுகிறதா என்று சொல்லாது. இன்றைய சார்ஜர்களின் நோய் பெரும்பாலும் அந்தத் துள்ளலில்தான் இருக்கிறது. அதைத் திரையில் கோடாக வரைந்து காட்டும் கருவிதான் ஆஸிலாஸ்கோப். பாடப் புத்தகத்தில் ‘அலைவு காட்டி’ என்று படித்திருப்பீர்கள். டாக்டருக்கு ஸ்டெதாஸ்கோப் எப்படியோ, இவர்களுக்கு அது அப்படி. புதிதாக வாங்க அவன் விசாரித்த கடைகளில் முப்பதாயிரத்தை ஒட்டியே பேச்சு ஆரம்பித்தது. தங்கையின் சீட்டுப் பணம் பன்னிரண்டாயிரம் கையில் இருந்தது. எனவே செல்போனைத் துழாவ ஆரம்பித்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என்னிடம் வந்தான். “மாமா, இதுல என்ன போட்டிருக்கான்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க.” ஆன்லைனில் பழைய பொருள் விற்பவர் ஒருவரின் விளம்பரம். 1980களின் வெளிநாட்டு ஆஸிலாஸ்கோப், இரண்டு சேனல், 100 மெகாஹெர்ட்ஸ். முன்பக்கம் மட்டும் தெரியும்படி இரண்டு படங்கள். கீழே நான்கு வரி ஆங்கிலம். ஓடிக்கொண்டிருந்த ஆய்வகத்திலிருந்து எடுத்தது, சோதிக்கப்படவில்லை, உள்ளது உள்ளபடி விற்கப்படுகிறது, திருப்பி எடுக்கப்படமாட்டாது. வரிக்கு வரி சரியாகத்தான் சொன்னேன்.

“சோதிக்கலைன்னா யாரும் போட்டு நோண்டலைன்னு அர்த்தம். நல்லதுதானே மாமா?” என்றான். நான் தலையாட்டினேன். மொழிபெயர்ப்பை வழிநூல் வகைகளில் ஒன்றாகத் தொல்காப்பியர் வைத்ததைப் பற்றி எம்.ஏ. தேர்வில் நான்கு பக்கம் எழுதி மார்க் வாங்கியவன் நான். இந்த நான்கு வரி வழிநூலில் தலையாட்டியதோடு என் வேலை முடிந்துவிட்டது.

பெட்டி வந்தது. சுமார் பத்து கிலோ. பிளக்கைச் செருகி சுவிட்சைப் போட்டான். பச்சைக் கோடு பளிச்சென்று வந்தது. தங்கை சூடம் ஏற்றிக் காட்டினாள். கால் மணி நேரம் கழித்து உள்ளே ‘டப்’ என்று ஒரு சத்தம், பின்னால் வெள்ளைப் புகை, கடை முழுக்க மீன் கருகியது போல ஒரு நாற்றம். விற்றவருக்குப் போன் செய்தோம். அவர் கோபப்படவே இல்லை. “அன்டெஸ்டட் என்றுதானே போட்டிருந்தேன்” என்றார். அவர் சொன்னது உண்மை.

எங்கள் பக்கத்துத் தெருவில் ஒருவர் இருக்கிறார். ஜாலஹள்ளிப் பக்கம் பொதுத்துறைத் தொழிற்சாலை ஒன்றில் சோதனைப் பிரிவில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவர். கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்தவர். அப்பா சுரங்கத் தொழிலாளி. வந்து பார்த்தார். புகையைப் பற்றி அவர் அலட்டிக்கொள்ளவில்லை. “மெயின் லைன்ல இருக்கிற பேப்பர் கெபாசிட்டர், தம்பி. வருஷக்கணக்கா மூலையில கிடந்தா மேல்கூடு விரிசல் விட்டு ஈரத்தை உறிஞ்சிடும். கரண்ட் கொடுத்தா வெடிக்கும். நாப்பது அம்பது ரூபாய் சமாச்சாரம்” என்றார். பிறகு மின்கம்பியின் பிளக்கைக் கையில் எடுத்தார். முகம் மாறிவிட்டது. மூன்று முள் பிளக்கில் மேலே இருக்க வேண்டிய தடித்த எர்த் முள்ளை யாரோ அறுத்து எடுத்திருந்தார்கள்.

“இதைப் பார்த்தியா? இதைப் பார்க்காமலா போட்டே?” என்று அவனைத் திட்டித் தீர்த்துவிட்டார்.

அந்த முள்ளுக்கு ஒரு கதை உண்டு. ஆஸிலாஸ்கோப்பின் உலோக உடம்பும், ப்ரோபிலிருந்து தொங்கும் சின்ன கிளிப்பும் எர்த்தோடு இணைந்தவை. சார்ஜரின் உள்ளே வீட்டு மின்சாரம் நேரடியாக ஓடும் பகுதியில் அந்தக் கிளிப்பை மாட்டினால் பொறி பறக்கும், ஃப்யூஸ் போகும். முறையான வழி, சார்ஜருக்கு ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வைப்பது அல்லது அதற்கென்றே உள்ள தனி வகை ப்ரோப் வாங்குவது. இரண்டுக்கும் காசு வேண்டும். காசு செலவழிக்க மனமில்லாதவர் எர்த் முள்ளை அறுத்துவிடுகிறார். பொறி பறக்காது. பதிலாக, ஆஸிலாஸ்கோப்பின் உடம்பு முழுக்க, நீங்கள் கைவைக்கும் குமிழைச் சுற்றிய தகடு உட்பட, வீட்டு மின்சாரம் ஏறி நிற்கும். நாட்டில் எத்தனையோ பட்டறைகளில் இந்த வேலை சர்வசாதாரணம். அறுத்த முள் தெரியும்படி எந்த விற்பனையாளரும் படம் எடுப்பதில்லை.

கெபாசிட்டரை மாற்றினார்கள், பிளக்கை மாற்றினார்கள். கோடு மறுபடி வந்தது. அப்போதுதான் பெரியவர் முதல் சேனலையும் இரண்டாவது சேனலையும் ஒரே புள்ளியில் வைத்துப் பார்த்தார். முதல் சேனல் பத்து என்று காட்டியதை இரண்டாவது ஆறு என்று காட்டியது. கோடு அழகாகத்தான் இருந்தது. பொய் சொன்னது, அவ்வளவுதான்.

பழைய சோதனைக் கருவி வாங்குவதில் உள்ள முக்கியச் சிக்கல் இதுதான். பழைய மிக்ஸி வாங்கினால் சட்னி அரைகிறதா என்று பார்க்கலாம். பழைய சைக்கிளை ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கலாம். அளக்கும் கருவி அப்படியல்ல. அது வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டுமானால், அதைவிட நம்பகமான இன்னொரு கருவி உங்களிடம் ஏற்கெனவே இருக்க வேண்டும். இருந்தால் இதை ஏன் வாங்கப் போகிறீர்கள்? சார்ஜரின் உள்ளே 230 வோல்ட் மின்சாரம் திருத்தப்பட்ட பிறகு சுமார் 325 வோல்ட்டாக ஒரு கெபாசிட்டரில் தேங்கி நிற்கும். அந்த இரண்டாவது சேனல் அதை 195 என்று காட்டும். பையன் அதை நம்பிக் குழம்பி, நல்ல பாகத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு வாடிக்கையாளரிடம் காசு கேட்பான்.

இத்தனை வம்பு இருந்தும் பழையதை ஏன் தேடுகிறார்கள்? விலை ஒரு காரணம். இன்னொரு காரணம் பலருக்குத் தெரியாது. பழைய கருவிகளோடு சர்வீஸ் மேனுவல் என்று ஒரு தடிப் புத்தகம் வந்தது. அதில் முழு சர்க்யூட் படமும் இருக்கும். எந்தப் புள்ளியில் எத்தனை வோல்ட் இருக்க வேண்டும் என்பதுவரை போட்டிருப்பார்கள். இன்று வரும் கருவிகளில் பெரும்பாலானவற்றுக்கு அப்படி ஒன்று கிடையாது. பலகையோடு மாற்று அல்லது பெட்டியோடு தூக்கிப் போடு என்பதுதான் ஏற்பாடு. பெயர் மாற்றங்களையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். கலிஃபோர்னியாவில் 1939இல் தொடங்கிய ஹியூலெட் பேக்கார்டின் முதல் சரக்கு கம்ப்யூட்டர் அல்ல, ஒலி அலைகளை உண்டாக்கும் ஆஸிலேட்டர். அந்த வகையில் எட்டை வால்ட் டிஸ்னி நிறுவனம் ‘ஃபேன்டேசியா’ படத்தின் ஒலி வேலைகளுக்காக வாங்கியது. அதே அளவைக் கருவித் தொழில் 1999இல் அஜிலென்ட் என்று பிரிந்தது. 2014இல் கீசைட் என்று மறுபடி பிரிந்தது. எனவே பழைய எச்.பி. பெட்டிக்கான கையேட்டை மூன்று பெயரிலும் தேட வேண்டியிருக்கிறது. பழைய ஊர்ப் பெயர்களைப் போலத்தான்.

பெங்களூருக்கு இந்தச் சரக்கு வந்த வழி சுவாரசியமானது. 1940இல் எச்.ஏ.எல்., 1948இல் ஐ.டி.ஐ., 1953இல் எச்.எம்.டி., 1954இல் பி.இ.எல். என்று வரிசையாகப் பொதுத்துறை நிறுவனங்கள் இங்கே வந்தன. தொலைபேசி செய்கிறவருக்கும் ராடார் செய்கிறவருக்கும் அளவைக் கருவி இல்லாமல் ஒரு நாள் நகராது. அன்னியச் செலாவணிப் பஞ்ச காலத்தில் பத்துக் கையெழுத்து வாங்கி இறக்குமதி செய்த கருவிகள் அவை. பெரியவரின் பிரிவில் ஒரு ஆஸிலாஸ்கோப்பை ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்கு மாற்ற ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போட வேண்டுமாம். முப்பது வருடம் கழித்து அவை ‘உபயோகமற்றவை’ என்று இன்னொரு ரெஜிஸ்டரில் ஏறி, லாரியில் ஏறி, காயலான் கடைக்கு வந்து சேர்ந்தன. பெங்களூரில் குஜரி என்பார்கள்.

அங்கிருந்து ஒரு கூட்டம் எஸ்.பி. ரோடுக்குப் போனது. முழுப் பெயர் சதர் பத்ரப்பா சாலை. டவுன் ஹாலுக்கும் சிட்டி மார்க்கெட்டுக்கும் அருகே உள்ள அந்தக் குறுகலான தெருவைத் தெரியாத எலெக்ட்ரானிக்ஸ் மாணவன் இந்த நகரில் கிடையாது. சென்னைக்காரர்களுக்கு ரிச்சி தெரு எப்படியோ அப்படி. கடைக்காரர் முறைப்பார், விலையில் பாதிக்குக் கேட்டால் சிரிப்பார், ஆனால் பிளக்கில் மாட்டிக் காட்டுவார். மறுநாள் கொண்டுபோய்ச் சண்டை போட ஒரு முகம் இருந்தது. என் மருமான் இழந்தது அந்த முகத்தைத்தான்.

அடுத்த வழி ஏலம். பொதுத்துறை கழித்துக்கட்டும் பொருள்களில் பெரும் பகுதி இப்போது எம்.எஸ்.டி.சி. நடத்தும் மின் ஏலத்தில் போகிறது. 1964இல் இரும்புக் கழிவு வியாபாரத்துக்காகத் தொடங்கப்பட்ட மத்திய அரசு நிறுவனம் அது. ஏல நிபந்தனைகளில் ஒரு வாசகம் வரும்: எங்கே எப்படி இருக்கிறதோ அங்கே அப்படியே, புகார் செய்யாத அடிப்படையில். ‘புகார் செய்யாத அடிப்படை’ என்ற தொடரை முதலில் படித்தபோது மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் எனக்கு மெய்சிலிர்த்தது. ஆனால் அதில் ஒரு நாணயம் இருக்கிறது. ஏலத்துக்கு முன்னால் நேரில் போய்ச் சரக்கைப் பார்க்க நாள் குறித்து அனுமதிக்கிறார்கள். பார்த்துவிட்டுத்தான் வாயை மூடிக்கொள்ளச் சொல்கிறார்கள். சிக்கல் என்னவென்றால் தனி ஆள் அங்கே ஒரு கருவியை மட்டும் வாங்குவது சுலபமல்ல. பெரும்பாலும் குவியல் குவியலாகத்தான் போகும். நாற்காலி, ஏ.சி. பெட்டி, கம்பிச் சுருள், நடுவே ஒரு சிக்னல் ஜெனரேட்டர்.

குவியலை எடுப்பவருக்குக் கருவியின் மேல் பாசம் கிடையாது. பழைய சர்க்யூட் பலகைகளிலும் கனெக்டர்களிலும் தங்க முலாம் இருக்கிறது. பழுது பார்த்து விற்பதைவிட உடைத்து உருக்குவது சீக்கிரம் காசாகிறது. 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகள் ஆய்வகக் கருவிகளையும் தம் பட்டியலில் சேர்த்திருக்கின்றன. பெரிய நிறுவனங்கள் தங்கள் மின்னணுக் கழிவைப் பதிவு பெற்ற உற்பத்தியாளரிடமோ மறுசுழற்சியாளரிடமோ புதுப்பிப்பவரிடமோதான் கொடுக்க வேண்டும். சந்துகளில் அமிலம் ஊற்றித் தங்கம் எடுப்பதைத் தடுக்க அவசியமான விதிதான். ஆனாலும் புதுப்பிப்பவர் கையில் போய்ச் சேர வேண்டிய நல்ல கருவி உடைப்பவர் கையில் போய்ச் சேருவது இதனால் குறையுமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. பெரியவர் இதை வேறு விதமாகச் சொன்னார். “எங்கப்பா தங்கத்துக்காகப் பாறையை உடைச்சார், சார். 2001ல சுரங்கத்தை மூடிட்டாங்க. இப்ப தங்கத்துக்காக நான் வேலை பார்த்த மீட்டரை உடைக்கிறாங்க.”

உடைபடாமல் தப்பியவைதான் ஆன்லைனுக்கு வருகின்றன. உடைந்த பொருளுக்கும் ஆன்லைன் வியாபாரத்துக்கும் பிறவிப் பந்தம் உண்டு. 1995இல் பியர் ஒமிதியார் தொடங்கிய ஏலத் தளம்தான் பிறகு ஈபே ஆனது. அதில் முதலில் விற்ற பொருள் என்று சொல்லப்படுவது ஓர் உடைந்த லேசர் சுட்டி. விலை 14.83 டாலர். உடைந்தது என்று தெரிந்துதான் வாங்குகிறீர்களா என்று கேட்டதற்கு, உடைந்த லேசர் சுட்டிகளைத்தான் சேகரிக்கிறேன் என்று பதில் வந்ததாம். இந்தியாவில் பாஸி டாட் காமை 2004இல் ஈபே வாங்கியது. 2017இல் இந்தியக் கடையை ஃப்ளிப்கார்ட்டிடம் கொடுத்தது. 2018இல் அந்தத் தளம் மூடப்பட்டது. பழைய கருவி வாங்குகிறவர்கள் அதன் பிறகு சிதறிப் போனார்கள். வகைப்படுத்தப்பட்ட விளம்பரத் தளங்கள், வாட்ஸ்ஆப் குழுக்கள், ஃபேஸ்புக் குழுக்கள். முன்பு பணத்தை நடுவில் பிடித்துவைத்துக்கொள்ள ஓர் ஏற்பாடாவது இருந்தது. இந்தக் குழுக்களில் பல இடங்களில் அதுவும் இல்லை.

வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாமே என்பார்கள். பத்து கிலோ பெட்டிக்கான விமானச் செலவு பெட்டியின் விலையைத் தாண்டும். சுங்க வரி தனி. பழைய மின்னணுப் பொருள்களின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடுகளும் இருக்கின்றன. அத்தனையும் தாண்டி அமெரிக்காவிலிருந்து வந்து சேர்ந்தால் அது 110 வோல்ட்டுக்குத் திருப்பி வைக்கப்பட்டிருக்கும். பின்பக்கம் உள்ள மாற்று சுவிட்சைப் பார்க்காமல் நம் 230 வோல்ட்டில் செருகியவர்களின் கதைகள் எஸ்.பி. ரோடில் நிறையக் கிடைக்கும்.

ஆக, இந்த விளம்பரங்களைப் படிக்கத் தெரிந்துகொள்வதைத் தவிர வேறு வழியில்லை. என் தொழில் புத்தி இங்கேதான் உதவியிருக்க வேண்டும். தாமதமாக உதவியது. பெரியவரோடு இரண்டு மாலை உட்கார்ந்து நாற்பது ஐம்பது விளம்பரங்களைப் படித்தேன். இது ஒரு தனி மொழி.

‘அன்டெஸ்டட்’ என்பதற்கு நான் சொன்ன ‘சோதிக்கப்படவில்லை’ அகராதிப்படி சரி, வழக்குப்படி தவறு. விற்கிறவர் வீட்டில் மின்சாரம் இருக்கிறது. சுவிட்சும் இருக்கிறது. போட்டுப் பார்க்க ஒரு நிமிடம் போதும். போட்டுப் பார்த்து நன்றாக இருந்திருந்தால் நன்றாக இருக்கிறது என்று எழுதி இரண்டாயிரம் கூடக் கேட்டிருப்பார். எனவே பல இடங்களில் ‘போட்டுப் பார்த்தேன், சொல்ல விரும்பவில்லை’ என்பதே சரியான மொழிபெயர்ப்பு. எல்லோரும் அப்படி என்று சொல்ல மாட்டேன். குவியலில் எடுத்து, பொருளின் பெயர்கூடத் தெரியாமல் விற்கும் காயலான் கடைக்காரரும் அதே வார்த்தையைத்தான் போடுகிறார். அவர் அதை நாணயமாகவே போடுகிறார்.

‘பவர் ஆன் ஆகிறது’ என்பது அதற்கு அடுத்த படி. விளக்கு எரிகிறது என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. எங்கள் பெட்டியும் பவர் ஆன் ஆகத்தான் செய்தது. ‘ஓடிக்கொண்டிருந்த ஆய்வகத்திலிருந்து எடுத்தது’ என்றால் ஓடிக்கொண்டிருந்தது ஆய்வகம். கருவியைப் பற்றி எதுவும் சொல்லப்படவில்லை. இந்த எழுவாய்க் குழப்பத்தை நான் அன்றே கண்டுபிடித்திருக்க வேண்டும். ‘உதிரி பாகங்களுக்காக’ என்று போட்டிருந்தால் அவர் யோக்கியர். பேரம் பேசாமல் கும்பிட்டுவிட்டு நகரலாம், அல்லது உங்களிடம் அதே மாடல் இன்னொன்று இருந்தால் வாங்கலாம்.

வார்த்தையை நம்பாமல் படத்தைக் கேட்பதுதான் பெரியவர் சொன்ன வழி. பெரும்பாலான ஆஸிலாஸ்கோப்புகளின் முகப்பில் ஒரு சிறிய உலோக முனை இருக்கும். ப்ரோபைச் சரிபார்ப்பதற்காகக் கருவியே அதில் ஒரு சதுர அலையைத் தந்துகொண்டிருக்கும், வழக்கமாக நொடிக்கு ஆயிரம். முதல் சேனலை அதில் மாட்டி ஒரு படம், இரண்டாவது சேனலை மாட்டி ஒரு படம், இரண்டிலும் அன்றைய தேதி எழுதிய காகிதம் பக்கத்தில் தெரிய வேண்டும். அலையின் உயரம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று அந்த முனைக்குப் பக்கத்திலோ கையேட்டிலோ போட்டிருக்கும். இதைக் கேட்டிருந்தால் எங்கள் இரண்டாவது சேனல் அன்றே காட்டிக்கொடுத்திருக்கும். பின்பக்கத்தையும் பிளக்கையும் எடுத்த படம் வேண்டும். கருவியை அரை மணி நேரம் ஓடவிட்ட பிறகு எடுத்த படம் இருந்தால் இன்னும் நல்லது. மறுக்கிறாரா? அதுவும் ஒரு பதில்தான்.

1980களின் இறுதியிலும் 90களிலும் வந்த சில கருவிகளில் இன்னொரு கண்ணிவெடி உண்டு. தொழிற்சாலையில் சரிபார்த்த திருத்த எண்களை ஒரு நினைவகச் சில்லில் வைத்து, அழியாமல் இருக்க ஒரு சிறு பேட்டரியைச் சேர்த்திருப்பார்கள். பேட்டரி செத்தால் எண்கள் போய்விடும். கருவி ஓடும், ஆனால் அளவு மறந்துபோயிருக்கும். அந்த மாடலில் பேட்டரி எப்போது மாற்றப்பட்டது என்று கேட்க வேண்டும். விற்பவர் “என்ன பேட்டரி?” என்று கேட்டால் விடை தெரிந்துவிட்டது.

மல்டிமீட்டரில் பயம் வேறு. அது உயிர் சம்பந்தப்பட்டது. நல்ல மீட்டரின் உள்ளே மணல் நிரப்பிய தடித்த பீங்கான் ஃப்யூஸ் இருக்கும். மீட்டரைத் தவறுதலாக ஆம்பியரில் வைத்து மெயின் லைனைத் தொட்டுவிட்டால், உள்ளே எழும் தீப்பொறியை அந்த மணல்தான் அடக்கும். அந்த ஃப்யூஸ் விலை அதிகம். போனால் பலர் பத்து ரூபாய்க் கண்ணாடி ஃப்யூஸைப் போடுகிறார்கள், அல்லது செம்புக் கம்பியைச் சுற்றிவிடுகிறார்கள். அடுத்த முறை அதே தவறு நடந்தால் மீட்டர் கையிலேயே வெடிக்கும். மீட்டரின் முகப்பில் ‘கேட் 3’, ‘கேட் 4’ என்று அச்சிட்டிருப்பதெல்லாம் உள்ளே சரியான ஃப்யூஸ் இருந்தால்தான் செல்லும். பின்மூடியைத் திறந்து ஃப்யூஸைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மூன்று திருகாணி வேலை.

வாங்கிய பிறகு அது உண்மை பேசுகிறதா என்று தெரிந்துகொள்ள அதிகாரபூர்வ வழி காலிபிரேஷன். மத்திய அரசின் எஸ்.டி.க்யூ.சி. அமைப்புக்கு பெங்களூரில் பீன்யாவிலும் சென்னையில் திருவான்மியூரிலும் மையங்கள் இருக்கின்றன. என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்ற தனியார் கூடங்களும் உண்டு. தொழிற்சாலைக்குச் சான்றிதழ் கட்டாயம். ஸ்ரீராம்புரம் சந்துக்கடைக்கு அந்தச் செலவு கட்டாது. பெரியவர் சொன்ன ஏழை வைத்தியம்: ஓரளவு நல்ல புதிய மல்டிமீட்டர் ஒன்றை யாரும் தொடாமல் பெட்டியில் வை. மாதம் ஒருமுறை மட்டும் எடுத்து, மற்றவை எல்லாம் அதனோடு ஒத்துப்போகின்றனவா என்று பார். வீட்டில் ஒரு நல்ல மனிதர் இருந்தால் போதும் என்பது போல.

சட்டத்தைப் பற்றியும் விசாரித்தேன். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வியாபாரத்துக்காக வாங்குகிறவரை நுகர்வோராகக் கருதுவதில்லை. ஆனால் சுயதொழில் செய்து பிழைக்க மட்டுமே வாங்கியவருக்கு விலக்கு உண்டு. எனவே தங்கை மகன் நுகர்வோர்தான். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள், விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளைத் திருப்பி எடுக்க மறுக்கக் கூடாது என்கின்றன. அடுத்த வரியிலேயே குழி: வழக்கமான தொழிலாக இல்லாமல் சொந்தப் பொருளை விற்கும் தனிநபரை அவை கட்டுப்படுத்தாது. எங்கள் ஆசாமி மாதம் பத்துப் பெட்டி விற்கிறார் என்று நிரூபிக்க வேண்டும். நிரூபித்தாலும் அவர் விளம்பரத்தில் சொன்னபடிதான் பொருள் இருந்தது. அவர் எதையுமே சொல்லவில்லையே. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 வரை போய்விட்டுத் திரும்பிவிட்டோம்.

பொருளே இல்லாமல் விற்கிற கூட்டம் வேறு இருக்கிறது. அவர்களோடு ஒப்பிட்டால் எங்கள் ஆசாமி தர்மராஜா. ராணுவத்தில் இருப்பதாகச் சொல்லி, மாற்றலாகிப் போவதால் அவசரமாக விற்பதாகக் கதை சொல்லி முன்பணம் கேட்பார்கள். திருப்பித் தருகிறேன் என்று ஒரு க்யூஆர் குறியீட்டை அனுப்பி ஸ்கேன் செய்யச் சொல்வார்கள். பணம் பெறுவதற்கு யாரும் ரகசிய எண்ணைத் தட்ட வேண்டியதில்லை. தட்டச் சொன்னால் பணம் உங்களிடமிருந்து போகிறது என்று அர்த்தம். ஏமாந்துவிட்டால் உடனே 1930க்கு அழைக்க வேண்டும். மணிக்கணக்கில் யோசித்துவிட்டு அழைப்பதில் பிரயோசனம் குறைவு.

தங்கை முதல் வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை. “நீ படிச்சுச் சொன்னேன்னுதானே வாங்கினான்” என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. இரண்டாவது சேனலின் கோளாறு உள்ளே வோல்ட்டைப் பிரித்துக் கொடுக்கும் பகுதியில் இருக்கிறது, அந்த பாகம் இப்போது தயாரிக்கப்படுவதில்லை என்றார் பெரியவர். அதே மாடலின் பிணம் ஒன்று கிடைத்தால் அதிலிருந்து எடுத்துப் போடலாம்.

இப்போதைக்கு அந்த ஆஸிலாஸ்கோப் கடை மேஜையில் முதல் சேனலோடு மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. சார்ஜர்கள் முன்பைவிடச் சீக்கிரம் வீடு திரும்புகின்றன. இரண்டாவது சேனலின் மேல் பையன் ஒரு வெள்ளை டேப் ஒட்டி, பேனாவால் ‘நம்பாதே’ என்று எழுதியிருக்கிறான்.

போன வாரம் அதே மாடல் ஒன்று விளம்பரத்துக்கு வந்தது. விலை 3,000. ‘பவர் ஆகவில்லை, உதிரி பாகங்களுக்கு’ என்று தெளிவாகப் போட்டிருந்தார்கள். பின்பக்கத்தின் படமும் பிளக்கின் படமும் கேட்டு மருமான் தமிழில் எழுதிக் கொடுத்தான், நான் ஆங்கிலத்தில் போட்டு அனுப்பினேன். பதிலுக்காகக் காத்திருக்கிறோம்.